பக்கம் திருப்பும் உத்தியோகம்

படிக்க வராமல் பத்து வருடம் பள்ளிக்கூடம் போய் வருவது ஒரு முழுநேர உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மூச்சு விடலாம். கடைசி பெஞ்சில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நினைப்பதுபோல நாமெல்லாம் சோம்பேறிகள் அல்ல. படிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு பக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு விளையாடப் போய்விடும். அதே பக்கத்தைப் படித்த மாதிரி காட்ட நமக்கு ஒரு நாள் முழுக்க வேலை இருக்கும்.

எனக்கு எழுத்தே தெரியாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் காட்டினால் சொல்லிவிடுவேன். சேர்த்துப் படிக்கச் சொன்னால்தான் வம்பு. நாலாவது எழுத்துக்கு வருவதற்குள் முதலாவது என்னவென்று மறந்திருக்கும். விஜயபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் மூன்றாவது வரை தமிழில் படித்தேன், அதாவது உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் திருப்பதியில் தெருவுக்குத் தெரு லாட்ஜ் எழும்பியது. நைனா, அதாவது எங்கள் அப்பா, கொத்து வேலைக்காக எங்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே பள்ளிக்கூடம் தெலுங்கு. எனக்குப் படிக்க வராததற்கு நைனா தெலுங்கைக் குற்றம் சொன்னார். தமிழிலும் இதே கதிதான் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அக்கா பெயர் சாந்தி. என்னைவிட இரண்டு வகுப்பு மேலே. தமிழோ தெலுங்கோ, போண்டா மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள். அவள் ஏழாவது படிக்கும்போது அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அம்மா ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைத்து உலர்த்தும் வேலை பார்த்தாள். அவள் இடத்துக்கு வீட்டிலிருந்து யாராவது வராவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். லாட்ஜ் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு, துணி காயப்போடும் கயிற்றைத் தொடச் சொன்னார். அக்காவுக்கு எட்டியது. எனக்கு எட்டவில்லை. அத்தோடு அக்காவின் படிப்பு முடிந்தது. படிக்க வராத நான் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டேன்.

அக்கா அழவில்லை. தினமும் சாயங்காலம் என் புத்தகம் மாடிக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஏழாவதில் பொதுப் பரீட்சை உண்டு. அதில் பெயிலானால் என்னையும் நிறுத்திவிடுவதாக நைனா முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் நின்றால் அக்காவுக்குப் புத்தகம் நின்றுவிடும். அந்தப் பயத்தில் நான் செய்த தில்லுமுல்லுகளைத்தான் இங்கே சொல்கிறேன். டீச்சர்கள் பேசியது தெலுங்கில். எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழில் தருகிறேன்.

வரிசை எண்ணுதல்

தெலுங்கு வகுப்பில் விமலா டீச்சர் ஆளுக்கு ஒரு பத்தி என்று வரிசையாகப் படிக்கச் சொல்வார். "சதுவு" என்பார். படி என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் நான் தலைகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். நம் ஆட்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும்: முன்னால் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும், அத்தனை பத்தி தள்ளி விரலை வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவளிடம் அந்தப் பத்தியை மட்டும் காதில் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்குப் பக்கத்தில் பத்மா. காதில் ஒரு தடவை விழுந்தால் எனக்குப் போதும், அப்படியே நின்றுவிடும். கடவுள் கண்ணில் குறைத்ததைக் காதில் கூட்டிக் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் எனக்கு முன்னால் பதினோரு பேர். பன்னிரண்டாவது பத்தியைக் கச்சிதமாகத் தயார் செய்துவிட்டேன். ஒன்பதாவது ஆள் எழுந்து, டீச்சரிடம் ஒற்றை விரலைக் காட்டிவிட்டு வெளியே ஓடினாள். என் முறை வந்தது. ஒரு பத்தியை விட்டுத் தாண்டி அடுத்ததைக் கணீரென்று படித்தேன். வகுப்பு சிரித்தது. டீச்சர் என்னை நிற்கவைத்துவிட்டார். உட்கார்ந்தபடியே பத்மா மெதுவாகச் சொன்னாள்: "இனிமே எண்ணும்போது ஒண்ணுக்குப் போறவங்களையும் கணக்குல சேத்துக்கோ கௌரி."

மாடியில் வகுப்பு

ஒரு பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, விறைப்பாக இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போய், மறுபடி வர வேண்டும். மேனேஜருக்கு நாலு மடிப்பும் கத்தி மாதிரி இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக மாடிக்குப் போவேன். மடித்த பெட்ஷீட் அடுக்கின் மேல் புத்தகத்தை விரித்து வைப்போம். அக்கா முன்னால் வரும்போது குனிந்து ஒரு வரியைப் பார்ப்பாள், பின்னால் போகும்போது அதைச் சத்தமாகச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். ஒரு பெட்ஷீட்டுக்கு நாலு வரி. சீசன் நேரத்தில் லாட்ஜ் நிரம்பி வழிந்தால் எங்களுக்கு இரண்டு பாடம் முடிந்துவிடும்.

பக்கம் முடியும்போது அக்கா தலையை ஆட்டுவாள். நான் கையிலிருந்த முனையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். ஒரு நாள் கீழே தெருவில் கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அக்கா இரண்டு தடவை தலையாட்டியிருக்கிறாள். வெயிலில் அவள் முகம் கருத்துப்போயிருந்தது, சோடா உப்பில் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள்: "பக்கத்தத் திருப்புடி. நீ அதுக்குத்தான பள்ளிக்கூடம் போய்க்கினு கீற."

துண்டு போட்ட பஸ்

ஊரிலிருந்து மாமா குடும்பத்தோடு மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் இறங்கினார். மாமாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், தெலுங்கு தெரியாது. திரும்பிப் போகும்போது ஊர்ப் பக்கம் போகும் நகரி பஸ்ஸைப் பார்த்து ஏற்றிவிடும்படி நைனா என்னை அனுப்பினார். தெலுங்குப் பள்ளியில் படிக்கிற பெண் அல்லவா. பஸ் ஸ்டாண்டில் நான் போர்டைப் படிப்பதில்லை. நகரி பஸ் வாழைப்பழக்காரி உட்காரும் தூணுக்கு எதிரே நிற்கும், அது போதும். பஸ் உள்ளே நுழையும்போதே கூட்டம் பாய்ந்தது. மாமாவின் துண்டை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்து மூன்று பேர் சீட்டைப் பிடித்துவிட்டேன். சந்தன மொட்டைகள் மூன்றும் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தன. எனக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைத்தது.

அன்றைக்குப் பார்த்து நாயுடுபேட்டை பஸ் அந்தத் தூணுக்கு எதிரே வந்து நின்றிருக்கிறது. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிக்கெட் போட மாமாவிடம் வந்து சேர்வதற்குள் பஸ் ரேணிகுண்டாவைத் தொட்டுவிட்டது. அங்கே மூட்டையோடு இறக்கிவிட்டார்கள். மாமா அடுத்த மாதம் வேறு வேலையாக வந்தபோது நைனாவிடம் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று பயந்து சுவரோரம் நின்றேன். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சீட்டு நல்லாத்தாம்மா புடிச்சுக் குடுத்த. பஸ்ஸுதான் நம்ம ஊருக்குப் போவல."

இன்றைய செய்தி

காலைப் பிரார்த்தனையில் உறுதிமொழி சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் நோட்டைப் பார்த்துச் சொல்வார்கள், நான் பார்க்காமல் சொல்வேன். பார்த்தால்தானே எனக்குத் தகராறு. இந்தப் புகழே ஒரு நாள் என் காலை வாரிவிட்டது. செய்தித்தாள் படிக்கும் பையன் வரவில்லை என்று ஹெட்மாஸ்டர் பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டார். முந்நூறு பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் எறும்புக் கூட்டமாக எழுத்துகள்.

முந்தின நாள் சாயங்காலம் டீக்கடை டிவியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்டிருந்தேன். அதையே பிடித்துக்கொண்டேன். காற்றழுத்தத் தாழ்வு புயலாக மாறிவிட்டது என்றேன். புயல் நம் மாவட்டம் நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்றேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டதும் எனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. பள்ளிகளுக்கு இன்று மதியத்தோடு விடுமுறை என்று முடித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள், இரண்டு டீச்சர்கள் பையை எடுக்கக் கிளம்பினார்கள். ஹெட்மாஸ்டர் பேப்பரை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேப்பர்காரன் நேத்து நடந்ததைத்தான் போடுறான். நீ நாளைக்கு நடக்கப்போறதைப் படிக்கிறாயே அம்மா."

ஆபீசர் வந்த நாள்

ஏழாம் வகுப்பில் ஆகஸ்ட் ஆகியும் புதுப் புத்தகம் வரவில்லை. நாங்கள் கவலைப்படவில்லை. அக்கா அரை வருடம் படித்த பழைய ஏழாம் வகுப்புப் புத்தகம் பெட்டியில் இருந்தது. மாடியில் அதை வைத்துக்கொண்டு முதல் ஐந்து பாடத்தையும் முடித்துவிட்டோம். பிறகு ஒரு நாள் புதுப் புத்தகம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. அன்றைக்கே மண்டலக் கல்வி அதிகாரியும் வந்து இறங்கினார். நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

மூன்றாவது பாடத்தைப் படிக்கும்படி அவர் என்னைக் காட்டினார். புதுப் புத்தகத்தைப் பிரித்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு திக்கல் இல்லாமல் முழுப் பாடத்தையும் படித்தேன். விமலா டீச்சர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. ஆபீசர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, ஒரு தடவை பார்த்து, மூடி, திருப்பிக் கொடுத்தார். "ரொம்ப நல்லா படிச்ச அம்மா. ஆனா இந்தப் பாடத்தை நாங்க எடுத்துட்டு வேற பாடம் போட்டிருக்கோம்."

ஹாலில் மடித்த பெட்ஷீட்

பொதுப் பரீட்சைக்கு வேறு வித்தை. கேள்வியை முழுதாகப் படிக்க எனக்கு நேரம் போதாது. அதில் எந்தச் சொல் நீளமாக இருக்கிறது என்று பார்ப்பேன். அந்த நீளச் சொல் எந்தப் பாடத்தில் வரும் என்று அக்கா எனக்கு உருவம் காட்டிப் பழக்கியிருந்தாள். பாடம் தெரிந்தால் பதில் வந்துவிடும். பதிலை எழுத்து எழுத்தாக வரைந்து வைப்பேன், அவ்வளவுதான். ஆனால் பதில் நினைவுக்கு வர வேண்டுமானால் கை முன்னால் போய்ப் பின்னால் வர வேண்டும். அப்படித்தான் உள்ளே போயிருக்கிறது. ஹாலில் நான் இரண்டு கையையும் நீட்டி முனை சேர்த்துக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் பதறி ஓடிவந்து, யாருக்கு சைகை காட்டுகிறாய் என்று என் பெஞ்ச், பாவாடை மடிப்பு எல்லாவற்றையும் சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. என் பின்னாலேயே மூன்று மணி நேரம் நின்றார்.

பாஸ் ஆனேன். எல்லாப் பாடத்திலும் விளிம்பில் காலை வைத்து. அக்கா அன்றைக்கு மாடியில் இரண்டு பெட்ஷீட்டைக் கோணலாக மடித்தாள், அவ்வளவு சந்தோஷம். கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வரும்போது அந்தக் கண்காணிப்பாளர் என்னை நிறுத்தியிருந்தார். அந்தக் கையாட்டம் எதற்கென்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். "இருபது வருஷ சர்வீஸ்ல பிட்டு மடிச்சவங்களைப் பார்த்திருக்கேன், துணி மடிச்சவளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

விமலா டீச்சர் மாடி ஏறினார்

ஒன்பதாவதில் விமலா டீச்சருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. கட்டுரை அருமையாக எழுதுகிறவள் கரும்பலகையைப் பார்த்து ஒரு வரி படிக்கத் திணறுவது எப்படி என்று கேட்டுப் பார்த்தார். நான் கண்ணில் பவர் என்றேன். ஒரு சாயங்காலம் என் பின்னாலேயே லாட்ஜுக்கு வந்து நாலு மாடி ஏறிவிட்டார். நாங்கள் பார்க்கவில்லை. அக்கா வரி சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, மூன்று பெட்ஷீட் மடியும்வரை படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறார்.

பிறகு அக்காவிடம் பாடத்தில் இல்லாத கேள்வியாகக் கேட்டார். அக்கா கையில் பெட்ஷீட்டோடு பதில் சொன்னாள். என்னிடம் புத்தகத்தை நீட்டி ஒரு வரி படிக்கச் சொன்னார். நான் அதை அக்கா பக்கம் நீட்டினேன். மாட்டிக்கொண்டால் அவமானமாக இருக்கும் என்று எத்தனையோ வருடமாகப் பயந்திருந்தேன். எனக்கு அவமானம் வரவில்லை, அப்படியே துணிக் குவியலில் படுத்துத் தூங்கலாம் போலிருந்தது. டீச்சர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அக்காவைத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதவிடும்படி நைனாவிடம் கேட்டார். எனக்குப் படிக்க வராது என்பதைச் சொல்லவில்லை. அதற்கு நான் கண்ணாலேயே அவரைக் கெஞ்சியிருந்தேன். நைனா தயங்கினார். பாஸான பிறகு மேலே படிக்கவைக்க ஒருத்திக்குத்தான் வழியிருக்கிறது, இன்னொருத்தி மாடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேரும் எழுதட்டும். யாரை அனுப்பணும்னு ரிசல்ட் சொல்லும்."

ரிசல்ட் வந்த பேப்பர்

ரிசல்ட் பேப்பரில் பெயர் இருக்காது, பாஸானவர்களின் நம்பர்தான் இருக்கும். நம்பரில் எனக்கு எப்போதும் தடங்கல் கிடையாது. காலையில் வேலைக்குப் போகிற வழியில் நைனா என்னையும் டீக்கடைக்குக் கூட்டிப்போய், பேப்பரை வாங்கி என்னிடம் கொடுத்தார். அக்கா அப்போதே மாடிக்குப் போய்விட்டிருந்தாள். இரண்டு ஹால் டிக்கெட்டும் என் கையில். ஒரு நம்பர் இருந்தது. ஒரு நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு முந்தினதும் அடுத்ததும் ஒட்டி நின்றன. மூன்று தடவை பார்த்தேன். அக்கா பாஸ், நான் பெயில்.

நைனாவுக்கு எந்த நம்பர் யாருடையது என்று தெரியாது. இப்போது ஒளித்து என்ன, ஒரு நிமிடம் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. அந்த நம்பர் என்னுடையது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாடி வெயில் எனக்குப் பிடிக்காது. காலேஜ் பெண்கள் சைக்கிளில் போவதைப் பார்த்து எனக்கும் ஆசை உண்டு. அக்கா என்னைக் கேள்வி கேட்கமாட்டாள் என்பதும் தெரியும். அக்கா நம்பரை விரலால் தொட்டேன். அதை எழுத்து மாறாமல், உள்ளது உள்ளபடி நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். பேப்பரில் இருந்ததை நான் வாய்விட்டுச் சரியாகப் படித்தது அதுதான் முதல் தடவை. பிறகு, இது அக்கா நம்பர், என் நம்பர் பேப்பரில் இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதையும், மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கி, டீ ஆறும்வரை சொன்னேன்.

நைனா டீயைக் குடிக்காமலே வேலைக்குப் போனார். ஜூன் மாதம் அக்கா காலேஜில் இண்டர் சேர்ந்தாள், தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பார்களே, அது. அவள் காலேஜுக்குப் போன முதல் நாள், அவள் இடத்தில் என்னை விட்டுவிட்டு வர நைனா லாட்ஜ்வரை கூடவே நடந்து வந்தார். லாட்ஜ் வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உனக்குப் படிப்பு வரலன்னு அப்பவே சொல்லியிருந்தா, அடுத்த வருசமே உங்க ரெண்டு பேரையும் மாத்தி வுட்டிருப்பனே. அவ அஞ்சு வருசம் மாடியில வெந்துக்கினு கெடந்தாளே, எதுக்கும்மா நீ வாயத் தொறக்காம இருந்த?"

பத்து வருடம் எந்தக் கேள்வி வந்தாலும் யாரோ காதில் சொல்லிக் கொடுத்த பதிலோடு தப்பித்துக்கொண்ட எனக்கு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை யாரும் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை.